சக்கர வீட்டுக்கு ஒரு மீசெட்

1

ஊரில் இருக்கிற சொந்தபந்தங்களுக்கும், எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போடுகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் தயவுசெய்து யாரும் எனக்கு ஜெனரேட்டர் பற்றி யோசனை சொல்ல வேண்டாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு, யாங்கோனில் எந்த இயந்திரம் ஓடும் எது ஓடாது என்று சொல்வதற்கு உங்களுக்கு என்ன தெரியும்?

நான் இந்த ஊருக்கு வந்து இந்த ஏப்ரலோடு இருபத்தைந்து வருடம். அதற்கு வாழ்த்துச் சொல்லத்தான் குழுவில் ஒருவன், "என்னல, ரங்கூன்ல ஜாலியா இருக்கியா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நீளமாகிவிட்டது.

ஜாலியாக இல்லை. இருபத்தைந்து வருடமாக வருடத்துக்கு ஒரு முறை இந்தியக் கடவுச்சீட்டோடு வரிசையில் நின்று, இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளட்டுமா என்று அனுமதி கேட்கிறேன். இருபத்தைந்து வருடமாக நான் பர்மிய மொழியில் வாயைத் திறந்ததும் கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் பக்கத்தில் நிற்கிற என் மனைவியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் 'கலா' என்கிறார்கள். இந்தியனுக்கு இங்கே அதுதான் பெயர். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் வந்த முதல் நாளே கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் எழுதினால் ஊரில், "அப்போ கிளம்பி வந்துர வேண்டியதான?" என்பார்கள். அதற்கும் கடைசியில் வருகிறேன்.

2

என் மனைவி எஸ்தர் இங்கேயே பிறந்தவள். அவள் தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. அவள் பேசும் தமிழில் பாதி பர்மியம். மீதிப் பாதி நம் ஊரில் யாரும் இப்போது பேசாத தமிழ். நாங்கள் யாங்கோனின் பசுந்தாங் வட்டாரத்தில் ஆறாவது மாடியில் குடியிருந்தோம். இந்த ஊரில் ஆறாவது மாடி என்றால் ஆறு மாடியும் படிதான், லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கயிற்று முனையில் ஒரு கிளிப். பத்திரிகையோ காய்கறியோ மருந்தோ கீழே கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால், மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்ளலாம். எஸ்தரின் பாதி நட்பு அந்தக் கயிற்றில்தான் நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு நரம்பு நோய் வந்தது. நரம்பின் மேலுறை தேய்கிற நோய் என்றார் டாக்டர். விளக்கமாக எழுத எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: உடம்பில் சூடு ஏறினால் அவள் கால் இரண்டும் துணி மாதிரி மடங்கிவிடும், கண்ணில் ஒன்று இரண்டாகத் தெரியும். உடம்பு குளிர்ந்தால் மறுபடி வந்துவிடும். "ஏசியை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், அது மருந்து" என்றார் டாக்டர். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இப்படி ஒரு மருந்து.

நான் கணக்கு எழுதுகிற நிறுவனம் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஊர் சுற்றிக் காட்டியது. அப்போது முதலாளி ஜப்பானிலிருந்து ஒரு பழைய ட்ரெய்லர் இறக்கினார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, மேஜை, கூரையில் ஓர் ஏசி. இரண்டே பயணம் போனது. பிறகு பயணிகள் வருவது நின்றுபோனது. ட்ரெய்லர் இன்னொரு வட்டாரமான அலோனில் முதலாளியின் கிட்டங்கிக்குப் பின்னால் சக்கரத்தில் காற்றில்லாமல் நின்றது. இப்போது அந்தக் கிட்டங்கிக் கணக்கைத்தான் பார்க்கிறேன். போன பிப்ரவரியில், வெயில் தொடங்குமுன், எஸ்தரை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் ஆறு மாடி இறக்கி அந்தச் சக்கர வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தரையிலேயே வாசல், கைக்கு எட்டுகிற ஏசி. இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நான்தான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இதுவும் சரிப்படாவிட்டால் தூத்துக்குடிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். முடிவு என்னுடையது. என் தங்கை கணவர் தங்கதுரை அங்கே தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் நின்றால் சொல்லிவிட்டு நிற்கும், அதுவும் ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரி பக்கம். மகள் ரூத் பாங்காக்கில் வேலையில் இருக்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் கிளம்பிப் போகிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவள் போனில் அம்மாவோடு பர்மிய மொழியில் ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பிறகு என்னிடம், "சாப்டீங்களா அப்பா, உடம்பு பாத்துக்கங்க" என்பாள். ஆறு வயதில் அவள் பேசிய தமிழ் இதே இரண்டு வாக்கியம்தான், இப்போதும் அதேதான். அவளுக்காக இங்கே காத்திருக்கவும் வேண்டாம்.

அந்த பிப்ரவரியிலேயே தங்கதுரை அனுப்பிய வீட்டுப் படங்களை எஸ்தரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தூத்துக்குடியில வெயில் இங்கயவிட ஜாஸ்தி இல்லையா?" என்று கேட்டாள்.

"கடல் காத்து வரும்லா" என்றேன். தலையாட்டினாள். சம்மதித்துவிட்டாள் என்று தங்கதுரைக்கு அன்றைக்கே எழுதினேன்.

3

ஜெனரேட்டருக்கு இங்கே 'மீசெட்' என்று பெயர். இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சொல். நடைபாதையில் கடைக்குக் கடை ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதன் புகையை மிதித்துத் தாண்டித்தான் தேநீர் குடிக்கப் போக வேண்டும்.

ட்ரெய்லரின் ஏசிக்கு எது வாங்குவது என்று குழுவில் கேட்டது என் தவறு. ஒருவன் தன் கல்யாண மண்டபத்து இயந்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினான். லாரியில் வைத்து இழுக்க வேண்டிய சாமான். இன்னொருவன் சூரிய ஒளி என்றான். தங்கதுரை போனே போட்டுவிட்டார்.

"மச்சான், ஏசி எத்தன வாட்ஸ்?"

"ஆயிரம்னு போட்டிருக்கு மாப்ளே."

"அப்போ ரெண்டாயிரம் எடுத்துருங்க. டபுள் இருக்குல்லா. கண்ண மூடிட்டு எடுங்க."

நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

லான்மடாவில் ஒரு சந்தில் கோ யூசுப் என்பவரின் கடை. 'கோ' என்பது இங்கே ஆண்பிள்ளை பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை; வயதானவர் என்றால் 'ஊ'. அவருடைய பாட்டனார் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவராம். அவர் ஊரைப் பார்த்ததில்லை. லோஞ்சி கட்டிக்கொண்டு, கன்னத்தில் வெற்றிலை அடக்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்கு வலிக்கக் கூடாது என்பது போல மெல்லப் பேசுகிற மனிதர். எனக்கு மெல்லப் பேசுகிற வியாபாரியைக் கண்டாலே சந்தேகம்.

"ஏசி எவ்விடத்துச் சாமான் அண்ணே?" என்று கேட்டார்.

"ஜப்பான். ட்ரெய்லரோட வந்தது."

"அப்போ நூறு வோல்ட்டு."

"அதான் நடுவுல ட்ரான்ஸ்பார்மர் போட்டிருக்கோமே, தெரியாமலா வந்திருக்கேன்?"

"ஹொடே, ஹொடே" என்றார். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை இழுத்தார். பழைய ஜப்பான் மீசெட், நூறு வோல்ட். மூலையில் கீறல், கைப்பிடியில் யாரோ சுற்றிய கறுப்பு டேப். "ஏசி கிளம்புற நேரம் மூணு பங்கு இழுக்கும் அண்ணே. இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் நூறு வோல்ட். இங்கே நம் ஊர் மாதிரிதான், இருநூற்று முப்பது. இந்த நகரம் முழுக்க ஜப்பானியப் பழைய சாமான்கள். கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. ஜப்பான் மீசெட்டும் வரும், ஆனால் அதில் நேராக இங்கத்து மின்விசிறியோ டிவியோ ஓடாது. அதனால் யாரும் வாங்குவதில்லை, கடைக்காரர்கள் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். இது எனக்கு நன்றாகவே தெரியும். தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன்.

வாசலில் சிவப்புச் சாயம் மின்ன ஒரு புது இயந்திரம் இருந்தது. இருநூற்று இருபது வோல்ட், இரண்டாயிரம் வாட்ஸ், தங்கதுரை சொன்னது அப்படியே. அதைக் காட்டினேன்.

கோ யூசுப் அதைத் துடைத்தார். எண்ணெய் ஊற்றினார். கட்டுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்காமல், "ஜப்பான் செட்ட ரெண்டு நாள் சும்மா கொண்டுபோய் ஓட்டிப் பாருங்களேன் அண்ணே. புடிக்காட்டி திருப்பித் தாங்க, யாடே" என்றார். யாடே என்றால் பரவாயில்லை.

"பாய், எனக்குப் படிக்கத் தெரியும். கட்டும்" என்று கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கச் சொன்னேன்.

கட்டினார். ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் அவர் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன். வெற்றி வீரனாக அலோனுக்குத் திரும்பினேன்.

எஸ்தர் அதைப் பார்த்துவிட்டு, "ஜப்பான் செட்டு அங்க இல்லையா?" என்றாள்.

"குப்பை" என்றேன்.

4

மீசெட் வந்தால் போதாது, பெட்ரோல் வேண்டும். இங்கே பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குத்தான் ஊற்றுவார்கள். கேனில் வேண்டுமென்றால் வட்டார அலுவலகத்திலிருந்து 'தௌகான்சா' வேண்டும். சிபாரிசுக் கடிதம். இந்த நாட்டில் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. வீடு மாறக் கடிதம், விருந்தாளி தங்கக் கடிதம், செத்தவரைப் புதைக்கக் கடிதம்.

காலையில் போனேன். அலுவலர் நல்ல மரியாதையாக உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. என் கடவுச்சீட்டைப் புரட்டினார். "இன்றைக்கு வெயில் அதிகம்" என்றார். ஆமாம் என்றேன். காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தேநீர் அனுப்பி, "இன்றைக்கு வெயில் ரொம்ப அதிகம், இல்லையா?" என்றார். ஆமாம், அதற்குத்தான் ஏசி என்றேன். சிரித்தார். மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

வந்து எஸ்தரிடம் கத்தினேன். அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ரெண்டு தரம் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"எத?"

"வெயில்னு."

"ஆமா, ரெண்டு தரம். அதுக்கென்ன?"

"அப்போ அது இல்லைன்னு அர்த்தம்" என்றாள். "மொத தரம் சும்மா. ரெண்டாவது தரம் சொன்னா வேண்டாம்ங்கறது. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லுவார், ஆனாடே இல்லையா?"

ஆனாடே. எதிரில் இருப்பவர் மனம் கோணிவிடுமே என்கிற கூச்சம். இந்த ஊரில் எல்லாக் காரியமும் இந்தக் கூச்சத்தின் மேல்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால் எல்லாக் காரியமும் இதனால்தான் நிற்கிறது. ஒரு மனிதனைக் காலை முழுக்க உட்காரவைக்கக் கூச்சம் இல்லை, முடியாது என்று சொல்லக் கூச்சம்!

வெளிநாட்டுக்காரன் பெயரில் கடிதம் தர முடியாதாம், எஸ்தர் சொன்னாள். அவள் பெயரில் கேட்க வேண்டும், அவளே வர வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் சைக்காவில், அதாவது பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில், ஈரத்துணி சுற்றி அழைத்துப் போனேன். அவள் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அலுவலரின் அம்மாவுக்கு முட்டிவலி. அதற்கு என்ன எண்ணெய், எந்தக் கடை. அலுவலரின் அக்கா பசுந்தாங்கில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இருவரும் சிரித்தார்கள். நான் சுவரோரம் நின்றுகொண்டு பாதி புரிந்து, பாதி புரியாமல், என் பெண்டாட்டி அந்த நாற்காலியில் எவ்வளவு சவுகரியமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். கால் மணி நேரத்தில் கடிதம் கையில் இருந்தது. முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்கள், ஆனாலும் கடிதம்தான்.

தூத்துக்குடிக்கு நாங்கள் கடைசியாகப் போனபோது ஆலய வாசலில் அவளிடம் யாரோ ஏதோ கேட்டார்கள். அவள் பதில் சொன்ன தமிழைக் கேட்டு என் தங்கையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பர்மாக்காரி" என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். அதன் பிறகு மீதிப் பதினோரு நாளும் அவள் ஆலயத்தில் பாட்டுப் பாட மட்டும்தான் வாயைத் திறந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை.

5

திஞ்சான் என்பது இங்கத்துப் புத்தாண்டுத் தண்ணீர் விழா. ஊரே கடையடைத்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும். அடைத்தால் பத்து நாள் திறக்க மாட்டார்கள். கடிதம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து நான் மீசெட்டை முதன்முதலாக ஓட்டியது திஞ்சான் தொடங்கிய அன்று மதியம்தான். அதுவரை ஏதோ கொஞ்சம் மின்சாரம் இருந்தது. அன்றைக்கு ஒரு மணிக்குப் போனது.

கயிற்றை இழுத்தேன். சிவப்பு இயந்திரம் தெருவே அதிரக் கிளம்பியது. ட்ரெய்லரில் விளக்கு எரிந்தது. ஏசியைப் போட்டேன், காற்றாடி சுற்றியது. "பாத்தியா?" என்றேன் எஸ்தரிடம். இரண்டு நிமிடத்தில் ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்தது. விளக்கு மங்கியது. வெளியே இயந்திரம் தொண்டையில் ஏதோ அடைத்தது போல முனகி நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தேன். மறுபடி முனகல். மூன்றாவது தடவை ட்ரான்ஸ்பார்மரிலிருந்து கருகிய வாடை வந்தது.

ட்ரெய்லர் என்பது தகரப் பெட்டி. ஏசி நின்ற கால் மணி நேரத்தில் உள்ளே அடுப்பு. கிட்டங்கிக் காவலாளி ஊ தெய்ன் கூரைமேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். எஸ்தரின் நெற்றியிலும் கையிலும் ஈரத்துண்டு போட்டேன். எழுந்து வெளியே வரலாம் என்று அவளைத் தூக்கினால் கால் ஊன்றவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"உங்க மூஞ்சி ரெண்டா தெரியுதுங்க" என்றாள். பிறகு, நான் பயந்துவிட்டேன் என்று தெரிந்து, "ரெண்டும் கோவமாத்தான் இருக்கு" என்றாள்.

அவளையும் ட்ரெய்லரையும் ஊ தெய்னிடம் விட்டுவிட்டு லான்மடாவுக்கு ஓடினேன். அடுத்த வட்டாரம்தான், ஆனால் டாக்சி எதுவும் நிற்கவில்லை. சந்துக்குச் சந்து தண்ணீர். முதுகில் ஒரு வாளி, காதில் ஒரு குழாய். ஒரு வயதான அம்மாள் வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீரும் ஒரு கொத்து இலையும் வைத்துக்கொண்டு என்னை நிறுத்தினார். தோளில் கொஞ்சம் ஊற்றலாமா என்று அனுமதி கேட்டார். அதுதான் பழைய முறை, வாழ்த்து. எனக்குத் தெரிந்த பர்மிய வசவுகள் இரண்டையும் அவர்மேல் கொட்டினேன். அவர் ஒதுங்கி நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் இல்லை, இந்த ஊரை அப்படியே கொளுத்திவிடலாம் என்றுதான் இருந்தது.

6

கோ யூசுப்பின் கடை பூட்டியிருந்தது. மேல்மாடியிலிருந்து அவர் கயிறும் தொங்கியது. அதைப் பிடித்து உலுக்கினேன். மணி அடித்தது. தலையை நீட்டிப் பார்த்தார். சொட்டச் சொட்ட நின்ற என்னைக் கண்டதும் எதுவும் கேட்காமல் கீழே வந்து கதவைத் திறந்தார்.

மேஜைமேல் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. டேப்பை மாற்றியிருந்தார். பக்கத்தில் கனமான வயர் ஒரு சுருள்.

"இதத்தான் எடுத்து வச்சிருந்தேன் அண்ணே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? "அப்போ அது ஓடாதுன்னு உமக்குத் தெரியும்?"

"ஏசி கிளம்பும்போது இழுக்காதுன்னு ஒரு நெனப்பு. நடுவுல ட்ரான்ஸ்பார்மர் வேற தின்னுமில்லையா."

"தெரிஞ்சே வித்தீராக்கும்! அங்க ஒரு நோயாளி வெந்துக்கிட்டு கெடக்கா. தெரிஞ்சே வித்திருக்கீரு!"

"நோயாளின்னு நீங்க சொல்லலியே அண்ணே. ட்ரெய்லருக்கு ஏசின்னுதான் சொன்னீங்க." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "நான் ரெண்டு தரம் சொன்னேனே."

அன்றைக்குக் கடையில் அவர் சொன்னதை எண்ணிப் பார்த்தேன். இதையும் பாருங்களேன். ஓட்டிப் பாருங்களேன். இரண்டு தரம்.

"தமிழன்தான ஓய் நீரு? வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

"படிக்கத் தெரியும்னு சொன்னீங்க. கடையில நாலு பேர் நின்னாங்க. அவங்க முன்னால உங்களுக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? ஆனாடே" என்றார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "நீங்களும் இவ்விடத்துல ரொம்ப காலம் இருக்கிறீங்க அண்ணே."

அவர் செய்தது சரி என்று நான் இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரியாதைக்குப் பயந்து பொய்யாய் மௌனம் காப்பதை நான் நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அடைத்த கடையைத் திறந்து, அந்தப் பெட்டியைத் தானே தூக்கி சைக்காவில் வைத்து, என்னோடு நனைந்துகொண்டே அலோனுக்கு வந்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வந்ததும் ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றி வெளியே வைத்தார். ட்ரெய்லரிலிருந்து பத்து எட்டு நடந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, புகைவாய் ஜன்னலுக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி பெட்டியை வைத்தார். "புகை உள்ள போனா ஆளைத் தூக்கிரும், தூரமே நல்லது" என்றார். ஜப்பான் வண்டிக்கு ஜப்பான் இயந்திரம் நேராகப் பொருந்தியது, சக்தியும் சிவப்பு இயந்திரத்தைவிடக் கூடுதல். கயிற்றை ஒரே ஒரு தரம் இழுத்தார். சிவப்பு இயந்திரத்தின் இரைச்சலில் கால் பங்கு கூட இல்லை. உள்ளே காற்றாடி சுற்றியது. கம்ப்ரஸர் கிளம்பியது, மீசெட் ஒரு கணம் குரலைத் தாழ்த்தியது, பிறகு பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து குளிர்காற்று இறங்கியது.

கோ யூசுப் தேநீருக்கு நிற்கவில்லை. எஸ்தரிடம் பர்மிய மொழியில் ஏதோ சொன்னார், அவளும் ஏதோ சொன்னாள், இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன என்று நான் கேட்கவில்லை.

7

அரை மணி நேரத்தில் எஸ்தர் என் விரல்களைச் சரியாக எண்ணினாள். ஒரு மணி நேரத்தில் காலை மடக்கி நீட்டினாள். பசுந்தாங்கிலிருந்து எங்கள் பழைய அண்டைவீட்டார் திஞ்சானுக்கென்று அரிசிமாவு உருண்டை செய்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே வெல்லம் வைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, தேங்காய்ப்பூ தூவியது. அதைச் சாப்பிட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். ஏப்ரல் மாத யாங்கோனில் போர்வை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

போனில் தங்கதுரை மூன்று செய்தி அனுப்பியிருந்தார். தூத்துக்குடி வீட்டுக்காரர் இந்த வாரத்துக்குள் பதில் கேட்கிறார். இரண்டு குளியலறை. மாடிப்படி கிடையாது. மெஷின் எப்படி ஓடுது மச்சான், நான் சொன்னது கரெக்ட்டா?

அப்போது எஸ்தர் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "ஏங்க, தூத்துக்குடியில இப்ப வெயில் எப்படி இருக்கும்?"

கடல் காற்று வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு தரம் கேட்டாள். இப்போது இது இரண்டாவது தரம்.

இருபத்தைந்து வருடமாக இவள் என்னிடம் எதை எதையெல்லாம் இரண்டு தரம் சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று. அதைவிட அதிகமாக என்மேல் வந்தது.

"இங்கயவிட ஜாஸ்தி எஸ்தர்" என்றேன். "ரொம்ப ஜாஸ்தி."

"ஹொடே" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

வெளியே வந்து மீசெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. சந்தில் தண்ணீர் ஊற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதில் ஒரு மாற்றமும் இல்லை. நனைந்த போனைத் துடைத்துத் தங்கதுரைக்கு எழுதினேன். ஊரில் வந்துவிடச் சொல்கிற எல்லோருக்கும் என் பதில் அதுதான்.

"மாப்ளே, நீங்க சொன்ன மெஷின் ஓடல. வீட்ட வேற யாருக்காவது விட்டுரச் சொல்லுங்க. எஸ்தர் வேண்டாம்னு சொல்லிட்டா."